பேறுகாலத்துக்கு வந்த பறவைகள்

தூத்துக்குடிக்குப் போனால் என்ன செய்வீர்கள்? துறைமுகத்தையும் பனிமய மாதா கோயிலையும் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கு ஒரு பொட்டலம் மக்ரூனோடு ரயிலேறிவிடுவீர்கள். முத்துக்குளிப்பு பார்க்கலாம் என்றால், அது 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கையில் இன்னும் ஒரு நாள் இருக்கிறதா? அப்படியானால் திருநெல்வேலி போய், தெற்கே மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளத்துக்குப் போங்கள். திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர்தான்.

ஊருக்குள் நுழையும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். அப்புறம் தலையை நிமிர்த்திப் பார்த்தால் நாற்றம் மறந்துவிடும்! வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. குளத்துக் கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள். இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துக்கள் நீரில் மிதக்கின்றன. மார்கழியில் வந்து, குஞ்சு பொரித்து, ஆனி வாக்கில் புறப்படுகிறவை பல.

இது பறவைகளுக்காக வெட்டிய குளமல்ல, நெல்லுக்காக வெட்டியது. மழைநீரும் மணிமுத்தாறு அணையின் நீரும் இதை நிரப்புகின்றன. பறவைகளின் எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. கோடையில் வண்டல் வேறு. காசில்லாத உரம்! அரசாங்கம் 1994-இல் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஊரார் காவல் அதற்கெல்லாம் முந்தியது. இங்கே தீபாவளிக்கும் வெடிச் சத்தம் கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகள் சம்மதிப்பார்களா, சொல்லுங்கள்!

எச்சம் விழுந்த முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "தினமும் இந்தப் பாடா, பாட்டி?" என்றேன்.

"பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்த மகளை, வாசல் அசிங்கமாகுதுன்னு விரட்டுவோமா, தாயி?" என்றாள்.

ஒரு கவலையும் உண்டு. வயலுக்குத் திறந்துவிடத் திறந்துவிடக் குளம் வற்றுகிறது. குஞ்சு பறக்குமுன் வற்றிவிட்டால் தாய்ப்பறவை இரைக்கு எத்தனை தூரம் போகும்?

"மழை பொய்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

பாட்டி துடைப்பத்தை நிறுத்தினாள். "அந்த வருசம் எங்களுக்கும் வெள்ளாமை இல்லை, அதுகளும் வராது. மரம் வெறிச்சுன்னு கிடக்கும். வாசல் சுத்தமாத்தான் இருக்கும், தாயி. யாருக்கு வேணும் அந்தச் சுத்தம்?"

தையிலிருந்து சித்திரைக்குள் போய் வாருங்கள். மறவாமல் குடை எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்காக மட்டுமல்ல!