புகையில் கருத்த சூரை

"சாப்பிடத்தானே வந்திருக்கீங்க? பஃபேயை விட்டுட்டு என்கூட வாங்கண்ணே" என்றார் நண்பர். தூத்துக்குடிக்காரர், மாலத்தீவில் ஒரு சொகுசு விடுதியின் சமையலறையில் வெகுகாலமாக வேலை பார்க்கிறார். விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. நார்வே சால்மன், நியூசிலாந்து ஆட்டிறைச்சி, எந்த நாட்டுக் கீரையோ, எல்லாம் இருந்தது. சூரை மீனும் தேங்காய்த்துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த மஸ்ஹுனி மட்டும் ஓரமாக ஒரு சின்னக் கிண்ணத்தில் கிடந்தது. அந்த மண்ணின் காலைச் சாப்பாடே அதுதான்.

1972இல் குரும்பா என்ற முதல் விடுதி திறந்ததிலிருந்து, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதுதான் அங்கே வழக்கம். ஊர் ஜனங்கள் வேறு தீவில் இருப்பார்கள். படகேறி அங்கே போனோம்.

ஒரு வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை. உள்ளே கண்ணைத் திறக்க முடியாத புகை. மாசி போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு எழுபது வயதிருக்கும். சூரையைத் தலை வெட்டிக் குடல் எடுத்து, நீளவாக்கில் நான்காகப் பிளந்து, உப்புநீரில் வேகவைத்து, புகையில் ஏற்றி, பிறகு வெயிலில் போடுகிறார். எத்தனை மணி நேரம் புகை, எத்தனை நாள் வெயில் என்று விளக்கினார். அதில் என் மனம் நிற்கவில்லை. காய்ந்து முடிந்தால் கருவேலங்கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. காயல்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் இடித்துச் சம்பலில் போடும் மாசி இதுதான்.

என்னைப் பிடித்துவைத்தது பக்கத்து அடுப்பு. மீன் வெந்த நீரை அவர்கள் கொட்டுவதில்லை. தெளிவாக எடுத்தால் கருதியா. எலுமிச்சை பிழிந்து சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம். அதையே நுரை எடுத்து எடுத்து, மணிக்கணக்காகச் சுண்டக் காய்ச்சினால் கரும்பழுப்பு விழுது வரும். ரிஹாக்குரு என்கிறார்கள். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார் அக்கா. விரல்நுனி அளவு தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு, பிறகு புகை, அதற்குப் பிறகு மொத்த மீனும். விடுதியின் எந்தத் தட்டிலும் இந்தச் சுவை இல்லை.

கிளறியபடியே கதை சொன்னார்; நண்பர் மொழிபெயர்த்தார். சிறுமியாக இருந்தபோதே அம்மாவிடம் கற்ற தொழில். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், கரையில் மீன் பெண்களுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இல்லாமல் இலங்கை மாசி வாங்குவதைக் குறைத்தது. அதன்பின் குளிரூட்டும் கப்பல்கள் வந்து, பச்சை மீனைக் கடலிலேயே வாங்கிக்கொண்டன. பெண்களின் கைக்கு மீன் வருவது குறைந்துபோனது. அக்காவின் மகன் இப்போது ஒரு விடுதியில் படகு ஓட்டுகிறார்.

மீன் பிடிக்கும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். வலை வீசிச் சூரை பிடிப்பதில்லை. உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் எறிந்து, படகின் பின்புறத்திலிருந்து தண்ணீரைத் தெளிக்கிறார்கள். இரை துள்ளுவதாக நினைத்துச் சூரை கூட்டமாக ஏறி வரும்போது, கம்பில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள். கொக்கியில் எதிர்முள் கிடையாது, மீன் தானாகக் கழன்று தளத்தில் விழும். ஆமையும் டால்பினும் மாட்டுவது மிக அரிது.

14ஆம் நூற்றாண்டில் இங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த பயணி இப்னு பதூதா, இந்த உலர்மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் போவதை எழுதிவைத்தார். அத்தனை பழைய சரக்குக்கு இன்றும் விலை சொல்வது செய்தவர் அல்ல. தலைநகர் மாலேயிலிருந்து வரும் வியாபாரி, உடைந்த துண்டு, ஈரம் என்று காரணம் சொல்லிக் கழிக்கிறார். கழித்ததையும் அவரே பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். புகையில் கண்ணைக் கொடுப்பது ஒருவர், தராசைப் பிடிப்பது இன்னொருவர். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி மீன் இறக்கும் விடுதிகள், எதிரே தெரியும் தீவின் கொட்டகையில் நேராக வாங்கினால் என்ன கெட்டுவிடும்? நண்பரிடம் கேட்டேன். "மெனுவை முடிவு பண்றது நாங்க இல்லண்ணே" என்றார்.

மாலத்தீவுக்குப் போகிறவர்கள் ஒரு பகலை ஒதுக்கி, ஊர் ஜனங்கள் இருக்கும் தீவுக்குப் படகேறுங்கள். மாசியையும் ரிஹாக்குருவையும் செய்த வீட்டிலேயே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.