பெங்களூருக்குப் போனோம், பெங்களூரைப் பார்க்கவில்லை

மைலேஜ் என்றதும் நம்ம ஊரில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" இது அந்த மைலேஜ் இல்லை. விமானத்தில் எத்தனை மைல் பறந்தோம் என்று கணக்கு வைத்து, அந்தக் கணக்குக்காகவே பறக்கிற மைலேஜ். போய் இறங்கும் ஊரில் வேலை கிடையாது, உறவுக்காரர் கிடையாது, கோயில் குளம் கூடக் கிடையாது. இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி ஏற வேண்டியது. இதற்குப் பெயர் மைலேஜ் ரன்.

பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் நானே எங்கள் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்று செய்தேன் :-)

அந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். போட்டி பலமானது. ஒருமுறை வந்த பயணியை மறுபடியும் வரவைக்க என்ன வழி என்று யோசித்து, 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. பறந்த மைலைச் சேர்த்து வைத்தால் இலவச டிக்கெட். காலியாகப் பறக்கப் போகிற சீட்டை இலவசமாகக் கொடுத்தால் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. நாம் படிக்கிற மார்ஜினல் காஸ்ட் பாடம்தான். யுனைடெட்டும் அதே மாதத்தில் தொடங்கிவிட்டது.

பிறகு வந்தது எலைட் அந்தஸ்து. ஒரு வருடத்தில் இத்தனை மைல் பறந்தால் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று அட்டை. வரிசையில் நிற்க வேண்டாம், பெட்டி எடை கூடுதல், லவுஞ்சில் சாப்பாடு, அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய சீட். இலவச டிக்கெட்டுக்கான மைல் வேறு, அந்தஸ்துக்கான மைல் வேறு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. டிக்கெட் விலையைத் தீர்மானித்தது சந்தை. அந்தஸ்தைத் தீர்மானித்தது தூரம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டமில்லாத நாளில் நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்; மைல் மட்டும் முழுசாக ஏறும். நடுவில் இரண்டு ஊரில் மாறிப் போனால் இன்னும் கூடும். சின்னத் தூரமாக இருந்தாலும் ஒரு பயணத்துக்குக் குறைந்தபட்சம் 500 மைல் என்று கணக்கு வைத்த கம்பெனிகளும் உண்டு. அமெரிக்கனில் தங்க அட்டைக்கு அப்போது 25,000 மைல் வேண்டும். மைலுக்கு 4 சென்ட் விழுகிற மாதிரி டிக்கெட் தேடிப் பிடித்தால் 1,000 டாலரில் அட்டை கையில். டிசம்பர் மாதம் வந்தால் கொஞ்சம் மைல் குறைகிறவர்கள் எல்லாம் இப்படிக் கிளம்பிவிடுவார்கள்.

பறக்காமலே சேர்த்தவரும் உண்டு. 1999-ல் டேவிட் பிலிப்ஸ் என்ற கலிஃபோர்னியா இன்ஜினியர், ஒரு உணவுக் கம்பெனியின் மைல் சலுகைக்காக 12,150 கப் புட்டிங் வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர். கிடைத்தது 12 லட்சம் மைலுக்கு மேல். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஆயுளுக்கும் தங்க அட்டை வேறு. புட்டிங்கை என்ன செய்தார்? ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, லேபிள் உரிக்க அவர்களையே வைத்துக்கொண்டார். தானம் என்று வரிச்சலுகையும் வாங்கினார். நம்ம டாக்ஸேஷன் பாடத்தில் இவரைச் சேர்க்கலாம்.

சரி, மாமா கதைக்கு வருவோம்.

அம்மாவின் தம்பி. விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் யூனிட். ஃபியூஸ் கேரியர், சின்ன இன்சுலேட்டர் செய்கிறார். சாம்பிள் காட்டவும் ஆர்டர் பிடிக்கவும் டெல்லி, அகமதாபாத் என்று போவார். பீங்கான் எடை என்னவென்று சூளைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். விமானத்தில் 15 கிலோவுக்கு மேல் போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று தீட்டிவிடுவார்கள். அந்த வருடம் சாம்பிளோடு ஆறு தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சுமார் 1,800 ரூபாய் அதிகப்படி. மொத்தம் 10,800. ரசீதை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்.

அவர் வழக்கமாகப் போகும் கம்பெனியில் வருடத்துக்கு 20 பயணம் போனால் வெள்ளி அட்டை. 10 கிலோ கூடுதல் எடை இலவசம், நாலு தடவை லவுஞ்ச். மாமா 16 முடித்திருந்தார். கணக்கு முடிய ஆறு வாரம்தான் இருந்தது. அதற்குள் அவருக்கு வேறு பயணமும் இல்லை.

நான் நோட்டை எடுத்தேன். வரவு: எடை 10,800, லவுஞ்ச் தடவைக்கு 1,000 வீதம் 4,000. ஆக 14,800. செலவு: சென்னை-பெங்களூர் ஒரே நாளில் இரண்டு தடவை போய்வந்தால் நாலு பயணம். காலை ஜோடி 2,600 வீதம் 5,200. மாலை ஜோடிக்கு ஒரு சலுகை டிக்கெட் மாட்டியது, 2,200 வீதம் 4,400. ஆக 9,600. நிகர லாபம் 5,200.

"மாமா, லாபம் 5,200. காலையில் நானும் உங்ககூட வந்தா என் டிக்கெட்டும் 5,200. வரவும் செலவும் சரியாப் போச்சு" என்றேன்.

மாமா சிரித்தார். "பி.காம் படிக்கிறவன் சொன்னா சரியாத்தான் மாப்ளே இருக்கும்."

நடுராத்திரி விருத்தாசலம் ஜங்ஷனில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து, விடியும் முன்னே தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம். என் வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். ஜன்னல் சீட்டை மாமா எனக்குக் கொடுத்துவிட்டு, ஏறின ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டார். மேகத்துக்கு மேலே வெயில் அடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பெங்களூரில் இறங்கி, வெளியே வந்து, அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டு, மறுபடி உள்ளே போனோம். பெங்களூரில் நான் பார்த்தது கார் பார்க்கிங் மட்டும்தான். மாலை ஜோடிக்கு மாமா தனியாகப் போனார். நான் திரிசூலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ராத்திரி வரை ரயில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துக் கணக்கைப் பார்த்தால் 18 என்று நிற்கிறது. 20 இல்லை, 18. மாலை ஜோடி ஏறவே இல்லை. சலுகை டிக்கெட்டின் கட்டண வகை அந்தஸ்துக் கணக்கில் சேராது என்று விதியில் இருந்திருக்கிறது. கம்பெனி மேல் தப்பில்லை. நான்தான் படிக்கவில்லை. 800 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 4,400 போச்சு.

சங்க் காஸ்ட் என்று படித்திருக்கிறோம் இல்லையா? போன காசைப் பார்க்காதே, இனிமேல் ஆகும் செலவையும் வரும் பலனையும் மட்டும் பார். அதன்படி இன்னும் ஒரு ஜோடி 5,200, பலன் 14,800. போகத்தான் வேண்டும். மாமாவிடம் தைரியமாகச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். பார்சல் சர்வீஸ் ரசீது. டெல்லிக்கு ஒரு பெட்டி சாம்பிள், 640 ரூபாய்.

"லாரில லோடு ஏத்தும்போது வைக்கோல் போட்டுத்தானே அனுப்புறோம் மாப்ளே. சாம்பிள் மட்டும் உடைஞ்சிரும்னு இத்தனை நாளா கையில தூக்கிட்டு அலைஞ்சேன். போன வாரம் அனுப்பிப் பாத்தேன். ஒண்ணுகூட உடையல."

ஆறு தடவைக்கு 3,840. அவ்வளவுதான். அட்டை கொடுக்கிற கூடுதல் எடையின் மதிப்பு மாமாவுக்கு 10,800 இல்லை, 3,840. லவுஞ்ச்? அவர் எங்கே போனாலும் கட்டுச்சோறுதான். மதிப்பு பூஜ்யம். என் 14,800 சுருங்கி 3,840 ஆனது. நாலு பயணமும் ஒழுங்காக ஏறியிருந்தாலும் 9,600 கொடுத்தது நஷ்டம். புதிதாக 5,200 போடுவதும் நஷ்டம்.

தப்பு எங்கே என்று நிறைய நாள் யோசித்தேன். சலுகையின் விலையைக் கம்பெனியின் விலைப்பட்டியலிலிருந்து எடுத்தேன். அதே பலன் வேறு வழியில் எவ்வளவுக்குக் கிடைக்கும் என்று பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? உண்மையைச் சொன்னால், எனக்கு விமானத்தில் ஏற ஆசை. லாபம் வரும்வரை வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனேன். யாராவது ஆடிட்டர் பார்த்திருந்தால் லவுஞ்ச் வரியிலேயே பிடித்திருப்பார்.

கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. 2014-லேயே டெல்டாவும் யுனைடெட்டும் அந்தஸ்துக்கு மைலோடு குறைந்தபட்சச் செலவும் வேண்டும் என்றன. 2020-ல் யுனைடெட் தூரக் கணக்கையே எடுத்துவிட்டது. 2024-ல் டெல்டா செலவு மட்டும்தான் கணக்கு என்றது. அதே வருடம் ஏப்ரலில் ஏர் இந்தியாவும், 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் செலவுக் கணக்குக்கு மாறின. மலிவு டிக்கெட்டில் அந்தஸ்து என்ற பழைய ஓட்டை பெருமளவு அடைபட்டுவிட்டது.

அட்டை அச்சடிப்பது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஒரு கணக்கு. கொரோனா காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, 2020-ல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா 900 கோடி. 2021-ல் அமெரிக்கன் 1,000 கோடி.

நம்ம ஊர் உதாரணம் ஜெட் ஏர்வேஸ். அதன் மைல் திட்டத்தில் 50.1 சதவீதத்தை 2014-ல் எத்திஹாட் 15 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 ஏப்ரல் 17-ம் தேதி ஜெட் பறப்பதை நிறுத்தியது. மைல் திட்டம் அதே வருடம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. சேர்த்த மைல் தப்பித்தது. பிளாட்டினம் அட்டை வைத்திருந்தவர்கள்? அட்டை இருந்தது, ஏற விமானம் இல்லை. வருடக் கடைசியில் ஓடி ஓடி அந்தஸ்தைப் பிடித்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்தஸ்து என்பது கெட்டுப்போகிற சரக்கு. நாமும் நிறையப் பறக்க வேண்டும், கம்பெனியும் பறந்துகொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. எங்கும் போகாமல் எரிந்த எரிபொருள். 2019 அக்டோபரில் பிரிட்டனின் பருவநிலைக் குழுவுக்காக இம்பீரியல் காலேஜைச் சேர்ந்த ரிச்சர்ட் கார்மைக்கேல் தயாரித்த அறிக்கை, இந்த மாதிரி மைல் திட்டங்களையே தடை செய்யலாம் என்று சொன்னது. என் நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இவ்வளவுக்கும் பிறகும் ஆசைப்படுகிறவர்களுக்கு, அடிபட்டவன் சொல்வது:

1. டிக்கெட் போடும் முன்பே உறுப்பினர் ஆகுங்கள். பெயர் டிக்கெட்டிலும் திட்டத்திலும் ஒன்றாக இருக்கட்டும். நமக்கு இனிஷியல் தகராறு உண்டு. அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால் என்றால் கணக்கு ஏறாமல் போகலாம்.

2. விலையைப் பார்ப்பதற்கு முன் கட்டண வகையைப் பாருங்கள். எந்த வகை எவ்வளவு ஏறும் என்று விதியிலேயே இருக்கும். முழுசாகப் படியுங்கள்.

3. கணக்கு ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

4. எந்தத் திட்டத்தில் ஏற்றுவது என்று யோசியுங்கள். ஏர் இந்தியா 2014 ஜூலையிலிருந்து ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. அதில் பறந்ததைக் கூட்டணியின் வேறொரு கம்பெனித் திட்டத்திலும் சேர்க்கலாம்.

5. வரவுப் பக்கத்தில் ஒவ்வொரு சலுகைக்கும் எதிரே, அதே வேலை வேறு வழியில் நடக்க ஆகும் குறைந்த செலவை எழுதுங்கள். விலைப்பட்டியல் விலையை எழுதாதீர்கள். அடுத்த வருடம் நிச்சயமாகப் போகும் பயணங்களை மட்டும் எண்ணுங்கள்.

ஐந்தாவதை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் மற்ற நாலுக்கும் வேலை இருக்காது.

மாமாவுக்கு வெள்ளி அட்டை வரவில்லை. அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை. சாம்பிள் எல்லாம் இப்போது வைக்கோல் பெட்டியில் முன்னாடியே போய்விடுகிறது. அவர் சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு ஜம்மென்று விமானம் ஏறுகிறார். பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் 1,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்கு?" என்றார். "இல்லாத லாபத்துல பறந்துட்டேன் மாமா" என்றேன். "போடா, ஜன்னல் சீட்டுல உம் மூஞ்சியப் பாத்தேன், அதுக்குச் சரியாப் போச்சு" என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போ தூங்கவில்லையா மாமா?

அவர் கணக்கில் தீர்ந்துவிட்டது. என் நோட்டில் 5,200 இன்னும் பாக்கியாகத்தான் இருக்கிறது.