ஏறாத குதிரை

எங்கள் பக்கத்தில் குதிரை என்றால் அது ஐயனாருடையது. ஊர் எல்லையில், சுடுமண்ணில், கண்களை உருட்டிக்கொண்டு நிற்கும். உயிருள்ள குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி. இத்தனைக்கும், கடலூருக்கு அருகே கடலில் கலக்கும் இதே தென்பெண்ணையின் கரையில்தான் திருக்கோவலூர். அதை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வழங்கிய நிலத்தில், இன்று நமக்குக் குதிரையிடம் மிஞ்சியிருப்பது வியப்பும் அச்சமும்தான்.

2025 ஜூலை 8 அன்று காலை, செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். செய்தித்தாள்கள் வேறு செய்திகளுக்குப் போய்விட்டன. ஊருக்குள் அச்சம் மட்டும் தங்கிவிட்டது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும் சொல்லித்தரும் நாங்கள் ஐந்து பேர், குதிரைகளோடு பழகிக் கற்கும் பட்டறை ஒன்று புதுச்சேரிக்கு அப்பால் ஒரு பண்ணையில் நடப்பதாகக் கேள்விப்பட்டபோது, பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் நாங்களே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் ஒன்று. இதில் யாரும் குதிரை ஏறுவதில்லை. சேணம் இல்லை, சவாரி இல்லை. காலை முழுதும் தரையில்தான் நிற்கிறோம். குதிரைச் சவாரியையே சிகிச்சையாகக் கொள்ளும் மரபு வேறு. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றது அந்த மரபுக்கு உந்துதலாக அமைந்தது.

முதல் அரைமணி பாதுகாப்பு பற்றிய பேச்சு. மூடிய காலணி கட்டாயம். குதிரைக்குக் கண்கள் முகத்தின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். நேர் பின்புறமும் மூக்குக்கு முன்னால் சிறு இடமும் மட்டும் தெரியாது. ஆகவே தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். "கயித்தக் கையில சுத்திக்காதீங்க சார், அது ஓடினா கையும் கூடவே போயிடும்" என்றார் குதிரைக்காரப் பெரியவர்.

பிறகு வெறுமே பார்க்கச் சொன்னார்கள். மூன்று குதிரைகள் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பகுதி சலிப்பூட்டக்கூடும்; எங்களுக்கோ இதுதான் சிறந்த பகுதி. காதுகள் ஆளுக்கொரு திசையில் திரும்புகின்றன. பின்னங்கால் ஒன்றை லேசாக மடித்து நின்றால் அது நிம்மதியாக இருக்கிறதாம். காதுகள் பின்னோக்கிப் படிந்தால் தள்ளி நிற்பது நல்லது. இருபது நிமிடம் வாய்மூடி ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டிருந்து எத்தனை நாளாயிற்று!

அடுத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடத்திய கழிகளுக்கிடையே குதிரையை நடத்திச் செல்ல வேண்டும். எங்களில் உயரமானவர் இழுத்தார், குதிரை நின்றது. இன்னும் இழுத்தார், இன்னும் நன்றாக நின்றது. பிறகு ஒருவர், கயிற்றைத் தளர்த்தி, மூச்சை விட்டு, போகவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். குதிரை பின்னாலேயே வந்தது. குதிரைக்கு மனம் படிக்கத் தெரியும் என்று சிலர் இதைப் பெரிதுபடுத்துவார்கள். அது தேவையில்லை. நூறாண்டுக்கு முன் பெர்லினில் கணக்குப் போடும் குதிரை என்று பெயர்பெற்ற ஹான்ஸ், விடையின் எண்ணிக்கைக்குக் குளம்பால் தட்டும். கேட்பவருக்கே விடை தெரியாதபோது அதற்கும் தெரியவில்லை என்பதை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் காட்டினார். சரியான எண்ணை எட்டியதும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் மயிரிழை அசையும். அதைத்தான் ஹான்ஸ் படித்தது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று உலகம் ஏமாந்தது. எங்களுக்கு அந்த மயிரிழை அசைவைக் கண்டதே பெரிய வித்தையாகத் தோன்றுகிறது. சினந்த மனித முகத்தின் படத்தைக் காட்டினால் குதிரையின் இதயத்துடிப்பு விரைந்து ஏறுகிறது என்று 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கண்டார்கள். இரைவிலங்காக வாழ்ந்த உயிருக்கு, எதிரில் நிற்பவரின் உடலைப் படிப்பது பிழைப்பு.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். என்ன செய்தீர்கள், குதிரை என்ன செய்தது, அவ்வளவுதான் கேள்வி. குதிரை என்ன நினைத்தது என்று வழிநடத்துபவர் சொல்லத் தொடங்கினால் சற்றுச் சந்தேகப்படலாம்.

ஆறுதல் கிடைக்குமா என்று ஊரில் கேட்டார்கள். இது கற்றல், சிகிச்சை அன்று. துயரத்தைக் கண்டவர்களுக்கு மனநல மருத்துவர் தேவைப்பட்டால் மனநல மருத்துவரே தேவை. குதிரை அவருக்கு மாற்றாகாது. இத்துறையில் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறு குழுக்களை வைத்துச் செய்யப்பட்டவை. ஆனால் ஒன்றைக் கண்டோம். பயப்படாதே என்று பிள்ளைகளிடம் நாம் ஓயாமல் சொல்கிறோம். குதிரையோ பயந்தபடியே வாழும் விலங்கு. தாள் பறந்தால் துள்ளும், அடுத்த நிமிடம் தலையைத் தாழ்த்திப் புல் மேயும். அந்தத் துள்ளலுக்கு அங்கே யாரும் அதைக் கடிந்துகொள்வதில்லை.

பிள்ளைகளை அழைத்துப் போவதென்று தீர்மானித்திருக்கிறோம், வர விரும்புகிறவர்களை மட்டும். பண்ணைக்காரர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டோம்: குழுவில் மனநலப் பயிற்சி பெற்றவர் உண்டா? விருப்பமில்லாத குதிரை விலகிப்போக வேலிக்குள் இடமுண்டா? இரண்டாவது கேள்விக்குப் பெரியவர் சிரித்தார். "அது போயிடும் சார். நீங்க பாத்துட்டே இருப்பீங்க."