அப்பா ஊற்றிய தண்ணீர்

ஈப்போவிலிருந்து வடக்கே போகும்போது ஜெலாப்பாங்கைத் தாண்டியதும் நெடுஞ்சாலை மேடேறத் தொடங்கும். மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் வரும் அந்த ஏற்றத்தில்தான் வெப்பமானி ஊசி பாதியைத் தாண்டி மேலே போவதை முதன்முதலாகப் பார்த்தேன். தைப்பிங்கில் ஒரு கருமக்கிரியைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் அப்பா.

“ஏர்கோன அடைச்சிட்டு ஓரமா நிப்பாட்டும்மா.”

அரைமணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம். சூடு ஆறிய பிறகுதான் அப்பா ரேடியேட்டர் மூடியில் கைவைத்தார். பழந்துணியைப் போட்டு மூடி, கால் சுற்று திருப்பி, காற்று போகும் சத்தம் அடங்கியதும் மீதியைத் திறந்தார். பின்பெட்டியிலிருந்த ஒன்றரை லிட்டர் போத்தல் முழுவதும் உள்ளே போனது.

“ஒண்ணுமில்ல. தண்ணி கொறஞ்சிருக்கு.”

இந்த வாக்கியத்தை இரண்டு வருடமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறு காலையும் அப்பா பானெட்டைத் திறந்து குழாய்த் தண்ணீர் ஊற்றுவார். தோட்டத்தில் 27 வருடம் செம்பனைக்குலை லோரி ஓட்டியவர். ஓடைத் தண்ணீரையே மொண்டு ஊற்றி வண்டியைக் கரைசேர்த்த அனுபவம். அவருடைய இடது முழங்கையின் கீழே தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவசரப்பட்டு மூடியைத் திறந்த ஒருநாளின் அடையாளம் அது. அப்படிப்பட்டவரிடம் ரேடியேட்டரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஒருமுறை கூலண்ட் வாங்கலாமா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் பனி கொட்டுற ஊருக்கு” என்றார்.

ஆனால் தண்ணீர் எங்கே போகிறது? ரேடியேட்டர், ஓஸ், எஞ்சின், பம்ப் எல்லாம் ஒரு மூடிய வட்டம். இறுகப் பூட்டிய வட்டத்தில் குறைந்தால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. தைப்பிங்கிலிருந்து திரும்பிய இரவு, காருக்கடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்துவைத்தேன். காலையில் ஈரம் இருந்தது. தொட்டு முகர்ந்து பார்த்தேன். கூலண்டாக இருந்தால் நிறம் இருக்கும், விரலில் வழவழக்கும், லேசாக இனிப்பு வாடை வரும். இதில் ஒன்றுமில்லை. ஏர்கோனிலிருந்து சொட்டும் தண்ணீராக இருக்கும் என்று நிம்மதியடைந்தேன்.

மத்தியானம்தான் உறைத்தது. எங்கள் ரேடியேட்டரிலும் வெறும் தண்ணீர்தானே இருக்கிறது. இருந்த கூலண்ட் எல்லாம் ஞாயிறு ஞாயிறாகக் கரைந்து போய்விட்டது. காட்டிக்கொடுக்க நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

மறுநாள் ஏர்கோனைப் போடாமலே புந்தோங் வரை போய்வந்து, புது அட்டையை விரித்தேன். இந்த முறை ஈரம் வேறு இடத்தில் இருந்தது. எஞ்சினின் பெல்ட் ஓடும் பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு. எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பால் கலந்த தேநீர் மாதிரி எதுவும் படிந்திருக்கவில்லை. புகைக்குழாயில் வெண்புகையும் இல்லை. தலைக் கேஸ்கெட் போயிருக்குமோ என்ற பயம் கொஞ்சம் குறைந்தது.

பட்டறைக்கு அப்பாவும் வந்தார். பொமன் அண்ணன் எஞ்சின் ஆறும்வரை விட்டு, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தினார். மூடியில் 0.9 என்று போட்டிருந்தது. அந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முள் மெதுவாக இறங்கியது. டார்ச்சையும் சிறு கண்ணாடியையும் உள்ளே நீட்டி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை. அதன் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

“இத அடைச்சிட்டா நிக்குமா, தம்பி?” என்றார் அப்பா.

“அங்கிள், அது வேணும்னே வச்ச ஓட்டை. உள்ள சீல் தேஞ்சா தண்ணி பேரிங்குக்குப் போவாம இது வழியா வெளிய வரும். பம்பு போவப்போவுதுன்னு நமக்குச் சொல்றதுக்குத்தான் அந்த ஓட்டையே.”

டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் பம்பை எடுக்க முடியும் என்பதால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றச் சொன்னார். வடித்த தண்ணீர் தே-ஓ நிறத்தில் வந்தது. பழைய பம்பின் இறக்கைகளை விளிம்பில் துரு தின்றிருந்தது.

“பனிக்கு மட்டும் இல்ல அங்கிள். கூலண்டுல துருப்பிடிக்காம இருக்க மருந்து இருக்கு. வெறும் தண்ணி ஊத்த ஊத்த அது போயிரும். அந்தத் துரு தூள்தான் சீலை அறுக்கும்.”

அப்பா பம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். “பழைய காடிதானேப்பா. 16 வருசம் ஆச்சுல்ல.”

“சும்மா சொல்லாதம்மா. நான் ஊத்துன தண்ணிதான்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடம் அவர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தானே நானும். அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அது மரியாதையா சோம்பலா என்று இப்போதும் தெரியவில்லை.

புது பம்பு மாட்டி, உள்ளே இரண்டு முறை கழுவி, கலந்தே விற்கும் பச்சைக் கூலண்டை ஊற்றினார்கள். மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஓஸை அமுக்கி அமுக்கி விட்டபோது காற்று குமிழ் குமிழாக வந்தது. உள்ளே காற்று தங்கினால் தண்ணீர் இருந்தும் எஞ்சின் சுடுமாம். காற்றாடி சுற்றி நின்ற பிறகு, குறைந்த அளவுக்கு ஊற்றி மூடினார்கள். இடையில் அப்பா, “நான் அமுக்குறேன், தம்பி” என்று ஓஸை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பானெட் திறக்கும் சத்தம் கேட்டு வெளியே போனேன். அப்பா டார்ச்சு அடித்து ரிசர்வ் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எதுவும் இல்லை.

“ரெண்டு கோட்டுக்கும் நடுவுலதான் நிக்குது. எறங்கல.”

பின்பெட்டியில் தண்ணீர் போத்தல் அப்படியே இருந்தது. எடுத்துவிடவா என்று கேட்டேன்.

“இருக்கட்டும். வழியில யாராச்சும் நிப்பாங்க.”