ரொட்மெல் கிராமத்து எழுத்துக்குடில்

எழுத்தாளர் என்றதும் நம்மவர் பலருடைய மனத்தில் ஒரு சித்திரம் தோன்றுவதுண்டு. நள்ளிரவில் விளக்கேற்றி, உணவும் உறக்கமும் மறந்து, அருள்வந்தவர்போல எழுதிக் குவிக்கும் ஒருவரையே அவர்கள் காண்கிறார்கள். என்னிடம் இலக்கியம் பயிலும் மாணவரும் இதற்கு விலக்கல்லர். "உள்ளத்தில் ஊற்றெடுக்கவில்லை ஐயா" என்று கூறிக் கட்டுரைக் கொப்பியைக் கொடாது நழுவும் கெட்டிக்காரரும் அவர்களுள் உளர். அத்தகையோருக்கு நான் எடுத்துக்காட்டுவது வேர்ஜினியா வூல்ஃப் அம்மையாரின் நாளாந்த வாழ்க்கையை.

அம்மையாரின் கணவர் நமக்கு முற்றும் அந்நியர் அல்லர். லெனாட் வூல்ஃப் 1904 இல் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்தவர். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் வசித்து நமது கச்சேரியிற் பணிபுரிந்தவர். குதிரைமேலிருந்து சாட்டையால் ஒரு தமிழ் வழக்கறிஞரின் முகத்தில் அடித்தார் என்று யாழ்ப்பாணத்துத் தமிழர் சங்கத்தார் தேசாதிபதிக்கு முறையிட்டனர். எதையோ சுட்டிக்காட்டவே சாட்டையை நீட்டியதாக அவர் மறுத்தார். ஆயினும், ஆள வந்தவன் என்னும் தம் நிலைபற்றிய ஐயம் அவர் உள்ளத்தில் வளர்ந்தது. பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து, 1911 இல் விடுமுறையில் நாடு திரும்பி, மறு ஆண்டே பதவியைத் துறந்து வேர்ஜினியாவை மணந்தார். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்றின் அழிவைக் கூறும் அவருடைய நாவல் 1913 இல் வெளிவந்தது. மனைவியாரின் முதல் நாவல் வந்ததோ 1915 இலேதான்! நம் மண் தந்த கதைக்கே அந்த வீட்டில் முதலிடம் என்பதில் எனக்குச் சிறிது பெருமையுண்டு.

சென்ற ஆண்டு, இலண்டனில் வாழும் என் தங்கையின் வீட்டில் சில வாரம் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அவள் முதியோர் இல்லமொன்றில் இரவுக் கடமை பார்ப்பவள். பாடசாலை நாட்களில் கல்லூரிச் சஞ்சிகையில் நல்ல கதைகள் எழுதியவள். மணமாகிக் கடல் கடந்தபின் எழுதவேயில்லை. அவளுக்கு ஓய்வு கிடைத்த ஒருநாள், விக்டோரியா நிலையத்திற் புகையிரதம் ஏறி, லூயிஸ் நகரில் வண்டி மாறி, சவுத்ஈஸ் என்னும் சிறு நிலையத்தில் இறங்கினோம். ஊஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து புல்வெளியோரமாக ரொட்மெல் கிராமத்துக்கு நடந்தோம். பலமுறை மனநோய்க்கு ஆளாகி மீண்ட அம்மையார், 1941 மார்ச் 28 ஆம் நாள் உயிர் நீத்தது அந்த ஆற்றிலேதான். பாலத்தில் இருவரும் பேசவில்லை.

'மங்க்ஸ் ஹவுஸ்' என்னும் அவ்வீட்டை 1919 இல் 700 பவுணுக்கு ஏலத்தில் எடுத்தனராம். அப்பொழுது மின்சாரமுமில்லை, குழாய்நீருமில்லை. நூல்கள் ஈட்டிய பணத்தில் 1926 இல் குளியலறை வந்தது. 1927 இல் பழைய சிங்கர் மோட்டார்க் காரொன்று 275 பவுணுக்கு வந்தது. அதிலேறி ஊர்சுற்றுவதில் அம்மையாருக்குச் சிறுபிள்ளைபோல் மகிழ்ச்சி. அவ்வாண்டு ஜூன் 29 ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரியகிரகணத்தைக் காண்பதற்காக, நண்பரோடு இரவு முழுதும் புகையிரதத்திற் பயணஞ்செய்து யோக்ஷயர் மேட்டுநிலத்துக்கே போனார்கள். ஞாயிறு முழுதாய் மறைந்திருந்த நேரம் அரை நிமிடமும் இல்லை. ஆனால், அதை வைத்து அவர் நாட்குறிப்பும் எழுதினார், கட்டுரையும் எழுதினார்.

பழத்தோட்டத்துக்கப்பால் மரப்பலகையாலான ஒரு குடில் நிற்கிறது. காலையுணவு முடிந்ததும் அம்மையார் அங்கே சென்றுவிடுவார். மதியம்வரை ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் எழுத்து. தாழ்ந்த கதிரையில் அமர்ந்து மடியிற் பலகை வைத்து எழுதுவது அவர் வழக்கம். பிற்பகலில் குன்றுகளில் நெடுநடை. தேநீருக்குப் பின் நாட்குறிப்பு, கடிதம். ஊற்றெடுக்கும் நாளென்றும் எடுக்காத நாளென்றும் பேதமில்லை.

கைத்தொழிலும் உண்டு. 1917 இல், 19 பவுண் சொச்சத்துக்கு ஒரு கையச்சு இயந்திரத்தை வாங்கி, றிச்மண்டிலிருந்த தம் வீட்டு உணவறை மேசையில் வைத்தனர். மனைவியின் மனம் ஆறுதல் பெறக் கைவேலை உதவும் என்பது லெனாட்டின் எண்ணம். அவருக்குக் கைந்நடுக்கம், ஆகவே எழுத்துக் கோத்தலும் நூற்கட்டுதலும் அம்மையார் பங்கு, அச்சடித்தல் அவர் பங்கு. இருவரும் ஒவ்வொரு கதை எழுதி வெளியிட்டதே ஹோகாத் அச்சகத்தின் முதல் நூல். ரி. எஸ். எலியற்றின் 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையை 1923 இல் எழுத்தெழுத்தாகக் கோத்ததும் அம்மையாரின் விரல்களே.

வீட்டுக்குத் திரும்பியதும் தங்கையிடம் ஒரு செய்தி சொன்னேன். பிற்காலத்தில் அங்கே சமையல் செய்த பெண், மேலேயுள்ள குளியலறையில் அம்மையார் தனியே பேசுவதைக் கேட்டுத் திகைத்தாராம். இரவில் மனத்திற் கட்டிய வாக்கியங்களைச் சொல்லிப் பார்க்கிறார் என்று லெனாட் விளக்கினாராம்.

தங்கை சிரிக்கவில்லை. "அப்போ, இவவுக்குச் சமைத்துப்போட ஆள் இருந்திருக்கிறது" என்றாள்.

எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வருவாயும் தனக்கென ஓர் அறையும் வேண்டுமென்று அம்மையாரே 1929 இல் எழுதியதை எடுத்துச் சொன்னேன்.

"சமைத்தவவுக்கும் ஓர் அறை இருந்ததோ, அண்ணா?"

கிராமத்திலே குடியிருக்கச் சிறு வீடொன்று கொடுத்திருந்தனர் என்பதை அறிவேன். அவருடைய காலைப்பொழுது யாருடையது என்பது வேறு கேள்வி. மாணவர்க்கு நான் இதுவரை சொல்லிவந்த வரலாற்றில் அடுப்படி இடம்பெறவில்லை. இனி இடம்பெறும்.

தோட்டத்தில் இருவருடைய சாம்பலும் புதைக்கப்பட்டுள்ளது. லெனாட் 1969 வரை வாழ்ந்தார். அவருக்கு உயிர் அந்தத் தோட்டம். இப்பொழுது நாஷனல் ட்ரஸ்ட் நிறுவனம் வீட்டையும் தோட்டத்தையும் பேணிவருகிறது. பூக்களின் பெயர்களையெல்லாம் தங்கை வாசித்துக்கொண்டு வந்தாள்.

சவுத்ஈஸ் நிலையத்திற் புகையிரதத்துக்கு இருபது நிமிடம் காத்திருக்க நேர்ந்தது.

"மூன்று மணித்தியாலம் எனக்குக் கிடையாது, அண்ணா. கடமை முடிந்து வந்து, படுக்கமுன் அரை மணித்தியாலம் எடுக்கலாம். ஆனால், அந்நேரம் அடுப்பை வேறு யாராவது பார்க்கவேண்டும்."

பிறகு கைத்தொலைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள். "இன்றைக்குச் சோற்றை நீங்கள் வையுங்கோ. இல்லை, கறியும் நீங்கள்தான்."