கேத்ரி: செம்பு விளைந்த மலைகள்

பூஜை அறையில் செப்புப் பஞ்சபாத்திரத்தைத் துலக்கும் நம் பெண்மணிகள், அந்தச் செம்பு எந்த மலையின் வயிற்றிலிருந்து பிறந்தது என்று எண்ணியதுண்டோ? ராஜஸ்தானத்து ஜுன்ஜுனூ ஜில்லாவில் உள்ள கேத்ரிக்குச் சென்று வந்த பிறகு எனக்கு அந்த எண்ணம் ஓயவில்லை.

டில்லியிலிருந்து தென்மேற்கே மணலையும் கடுகு வயல்களையும் கடந்தால் ஆரவல்லி மலைத்தொடர் எதிர்ப்படுகிறது. வழி நெடுக நிற்கும் மரம் நமக்குப் புதிதன்று. நாம் வன்னி என்று வலம் வரும் அதனையே அங்குள்ளோர் கேஜ்ரி என்கின்றனர். கேத்ரி என்றதும் 1891-ல் விவேகாநந்த ஸ்வாமிகளை வரவேற்று உபசரித்த அரசர் அஜித் சிங்கின் நினைவே நேயர்களுக்கு வரும். நான் சென்றதோ செம்பைத் தேடி.

கேத்ரிக்கு அருகே உள்ள சிங்கானாவில் கரிய குன்று ஒன்றைக் கண்டேன். கல் மலை என்று எண்ணி ஏறினால், காலடியில் நொறுங்கியது உலைக் கிட்டம்! தலைமுறை தலைமுறையாகச் செம்பு உருக்கியவர்கள் கொட்டிய கழிவு. சிங்கானாவின் செப்புச் சுரங்கத்தை அக்பர் காலத்து 'அயினி அக்பரி'யே குறிப்பிடுகிறது. தெற்கே கணேசுவரத்தில் அகழ்ந்தபோதோ, சுமார் 4,500 வருஷங்களுக்கு முற்பட்ட செப்பு அம்பு முனைகளும் தூண்டில் முட்களும் ஏராளமாக அகப்பட்டன.

அக்காலத் தொழிலாளர் ஆள் தவழ்ந்து செல்லும் குறுகிய வளைகளில் விளக்கொளியில் பாறையைக் குடைந்தனர். வெளிக்கொணர்ந்த கல்லை இடித்துத் தூளாக்கிச் சாணத்துடன் பிசைந்து உருட்டிக் காயவைத்து வறுத்தனர். பின்னர் களிமண் உலையில் கரியிட்டுத் துருத்தி ஊதி உருக்கினர். சுரங்கத் தண்ணீரையும் அவர்கள் வீணாக்கவில்லை. அதைக் காய்ச்சி மயில்துத்தம் எடுத்தார்கள். பக்கத்துப் பபாயில் கிடைத்த ஒரு தாதுவே ஜயபுரத்து நகைகளின் நீல மெருகுக்கு மூலப்பொருளாயிற்று.

இத்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நலிந்தது. கப்பலேறி வந்த சீமைச் செம்பு மலிவாக விற்றது என்பது உண்மையே. ஆனால் பழியை முழுவதும் அந்நியன் தலையில் சுமத்தி விடுவது நியாயமாகாது. உலைக்குக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். மழை குறைந்த அந்தச் சரிவுகளில் வெட்டிய மரம் எளிதில் தழைப்பதில்லை. நம்மவர் கோடரியும் அதில் பங்கு கொண்டதுதான்.

சுதந்திர பாரதம் 1967-ல் ஹிந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தை ஏற்படுத்தியது. கேத்ரி நகர் என்னும் புதிய ஊரே எழுந்தது. பெரிய உருக்காலை 1970-களில் புகை கக்கத் தொடங்கி 2008-ல் நின்று போயிற்று. சுரங்க வேலை மட்டும் இன்றும் நடக்கிறது.

மாலையில் அந்த ஆலையின் வெறும் புகைபோக்கியைப் பார்த்து நின்றேன். எதிர்ச் சரிவில் தௌ மரங்கள் கல்லிடுக்குகளைப் பற்றிக்கொண்டு குட்டையாகத் தழைத்திருந்தன. மயில் ஒன்று அகவியது. சிங்கானாவில் பொறுக்கிய கிட்டத்துண்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதன் ஒரு விளிம்பில், உலைக்குத் தப்பிய செம்பு பச்சையாய்ப் பூத்திருக்கிறது.