உப்பை மாற்றி என்ன ஆகப்போகிறது?

லண்டன்

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய தைராய்டு ரிப்போர்ட்டைப் பார்த்தேன். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். கூடியிருக்கிறது, தைராய்டுக்கு எதிரான ஆன்ட்டி டி.பி.ஓ.வும் எகிறிக் கிடக்கிறது. எனக்கு வந்த ஹாஷிமோட்டோ நோய்தான் உனக்கும். கூடப்பிறந்தவர்களுக்குள் இது வருவதுண்டு. உப்பு சரியில்லை என்று அம்மா வேறு உப்பு வாங்கச் சொல்கிறாளாமே! அயோடின் குறைந்து வரும் கழலை வேறு, இது வேறு. நம் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைப் பகையாளியாக நினைத்து அழிக்கிறது. அயோடின் மாத்திரை, கடல்பாசி மாத்திரை என்று யார் கொடுத்தாலும் தொடாதே. அளவு மிஞ்சினால் நோய் கூடத்தான் செய்யும்.

1912-ல் ஜப்பானில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் மருத்துவர், நான்கு பெண்களின் சுரப்பிகளில் வெள்ளணுக்கள் மண்டிக் கிடந்ததைக் கண்டு எழுதினார். உடம்பே உடம்பைத் தாக்குகிறது என்பது இங்கே லண்டனில் 1956-ல்தான் புலப்பட்டது. அதைத் தெரிந்துகொள்ள அவர் இல்லை, 1934-லேயே டைபாய்டில் போய்விட்டார். நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

இனி தைராக்சின் மாத்திரை. எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடு. அப்புறம் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காபி கூடாது. நம் வீட்டில் இதுதான் பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். அடுப்பில் டிகாஷன் இறங்குகிற வாசனை வரும், மாமியார் டம்ளரை நீட்டுவார். மறுத்துவிடு. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறாயானால் ரத்தம் எடுக்கும் முன் டாக்டரிடம் சொல், டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டிவிடும்.

அளவை நீயாகக் கூட்டாதே. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதுவரை அசதியாகத்தான் இருக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல விடாதே. மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். இங்கிலாந்தில் இந்த நோய்க்காரர்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணமே கிடையாது, ஆயுசுக்கும் வேண்டிய மருந்து என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, குழந்தைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் இப்போதே சொல்லிவை. நாள் தள்ளிப்போனால் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதே, உடனே போ. முதல் மாதங்களில் பிள்ளைக்கு வேண்டிய தைராக்சின் தாயிடமிருந்துதான் போகிறது. மாத்திரை அளவைக் கூட்ட வேண்டி வரும்.

அன்புடன்,
அக்கா